உல்லாச ஏரியும் உழைப்பாளர் நகரும்

வரலாற்றில் நிகழ்ந்த பேரழிவுகளுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர்கள், பல வேளைகளில் அவ்வழிவுகளின் காரணங்களை மறைத்துவிடுகின்றன. பஞ்சத்தைப் பஞ்சம் என்று மட்டும் கூறுமிடத்து, அக்காலத்தில் நெற்களஞ்சியத்தின் திறப்பு எவர் கையில் இருந்தது என்ற வினா எழுவதில்லை. வெள்ளத்தை வெள்ளம் என்று மட்டும் கூறுமிடத்து, அந்நீரைத் தேக்கிவைத்தோர் யாவர், எதன் பொருட்டுத் தேக்கினர் என்ற வினாவும் எழுவதில்லை.

1889ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஜோன்ஸ்ரவுன் என்னும் தொழில் நகரம் ஒரு பிற்பகற் பொழுதில் அழிந்தது. 2,200க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். நூல்கள் இதனை ‘ஜோன்ஸ்ரவுன் வெள்ளம்’ எனக் குறிப்பிடுகின்றன. ஆயின் அந்நகரை அழித்த நீர் ஆற்றில் இயல்பாகப் பெருகி வந்த நீரன்று. நகருக்கு மேலே 14 மைல் தொலைவில், செல்வர்கள் கோடைகாலத்திற் படகோட்டவும் மீன்பிடிக்கவும் தமக்கென வைத்திருந்த ஏரியொன்றின் நீரே அது. அந்த ஏரியைத் தாங்கி நின்ற மண் அணை தனியார் உடைமை. அதன் கதையை ஆராய்வது, வெள்ளம் என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் உடைமை உறவுகளை ஆராய்வதாகும்.

லிற்றில் கொனமோ, ஸ்ரோனிகிறீக் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில், செங்குத்தான மலைகளுக்கிடையே ஜோன்ஸ்ரவுன் அமைந்திருந்தது. அயலிலுள்ள சிற்றூர்களையுஞ் சேர்த்து ஏறத்தாழ 30,000 மக்கள் அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தனர். கேம்பிரியா இரும்புக் கம்பனியின் உலைகளே அவர்களுக்குச் சோறிட்டன. ஜேர்மனியிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்து குடியேறியோரும் அவர்தம் மக்களுமே அங்கு பெருந்தொகையினர். உலைகளுக்கும் வீடுகளுக்குமென மலைச்சரிவுகளின் காடுகள் வெட்டப்பட்டமையால் மழைநீர் தங்குதடையின்றி ஆறுகளிற் பாய்ந்தது. இரும்புருக்கிய கழிவைக் கரைகளிற் கொட்டி நிலம் பெருக்கியமையால் ஆறுகளோ ஒடுங்கிவிட்டன. எனவே ஆண்டுதோறும் தெருக்களில் நீர் ஏறுவது அம்மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. மேலே இருந்த அணை உடையப்போகிறது என்ற வதந்தியும் அவ்வாறே பழகிப்போயிற்று.

அவ்வணை தோன்றியது உல்லாசத்துக்காகவன்று என்பது முதலிற் குறிப்பிடத்தக்கது. பிலடெல்பியா நகரையும் பிற்ஸ்பேர்க் நகரையும் இணைக்கப் பென்சில்வேனியா அரசு அமைத்த கால்வாய்க்குக் கோடையில் நீர் வழங்கும் பொருட்டு, மக்களின் வரிப்பணத்திற் கட்டப்பட்டதே சவுத் போர்க் அணை. பணமின்மையால் இடையிற் பல ஆண்டுகள் நின்றுபோன வேலை, 1850களின் தொடக்கத்திலேயே முடிவெய்திற்று. அணையின் உயரம் 72 அடி. நீளம் 900 அடிக்கு மேல். ஆயின் அது முடிவதற்குள் அதனுடைய தேவையும் முடிந்துவிட்டது. 1852ஆம் ஆண்டளவில் பென்சில்வேனியா புகையிரதக் கம்பனியின் பாதை பிற்ஸ்பேர்க்கை எட்டியதும் கால்வாய்க்கு வேலையற்றுப் போயிற்று. 1857இல் அரசு தனது கால்வாய் அமைப்பை அப்புகையிரதக் கம்பனிக்கே விற்றது. அணையும் அதனோடு கைமாறியது. பொதுப்பயனுக்கென எழுந்த ஒரு வேலைப்பாடு, பயனற்ற தனியுடைமையாயிற்று.

இவ்விடத்தில் மண் அணையின் இயல்பை நாம் சிறிது விளங்கிக்கொள்ளல் வேண்டும். குளக்கட்டுகளுக்கு அருகில் வாழ்ந்து பழகிய நம்மவர்க்கு அது புதிதன்று. கல்லணையின் மேலால் நீர் வழிந்தாலும் அது சில வேளை தாக்குப்பிடிக்கும். மண் அணையோ பக்கத்திலிருந்து நெருக்கும் நீரின் பாரத்தைத் தாங்குமேயன்றி, உச்சியின் மேலால் ஓடும் நீரைத் தாங்காது. ஓடும் நீர் வெளிச்சரிவின் மண்ணை அரித்து, அரிப்பு உச்சியை எட்டியதும் அணை பிளந்துவிடும். ஆதலால் மண் அணையைக் கட்டுவோர் மூன்று காவல்களை வைப்பர். உச்சியைப் போதிய உயரத்தில் வைப்பது ஒன்று. மிகை நீர் தானாக வழிந்தோடப் போதிய அகலமும் ஆழமும் உள்ள வான் அமைப்பது இரண்டு. வேண்டும்போது நீர்மட்டத்தைத் தாழ்த்துவதற்கு அடியில் துருசு வைப்பது மூன்று. சவுத் போர்க் அணையைக் கட்டிய அரசுப் பொறியியலாளர்கள் இம்மூன்றையும் வைத்திருந்தனர். அணையின் அடியில், ஒவ்வொன்றும் இரண்டடி விட்டமுள்ள ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் துருசாக இருந்தன.

இம்மூன்று காவல்களும் எவ்வாறு ஒவ்வொன்றாக இல்லாதொழிந்தன என்பதே இக்கதையின் சாரம்.

1862இல் குழாய்கள் செல்லும் கற்சுருங்கைக்கு மேலே அணை ஒருமுறை உடைந்தது. அப்பொழுது நீர் குறைவாக இருந்தமையாற் கீழே பெருஞ் சேதம் விளையவில்லை. உடைத்துக்கொண்ட அணை பராமரிப்பாரின்றிக் கிடந்தது. 1875இல் ஜோன் றெய்லி என்னும் முன்னாட் புகையிரத அலுவலரும் காங்கிரஸ் உறுப்பினருமானவர் அதனை 2,500 டொலருக்கு வாங்கினார். 1879இல் பெஞ்சமின் றஃப் என்பவருக்கு 2,000 டொலருக்கு விற்றார். வாங்கிய விலையிலும் குறைவாக விற்றவர் அதற்கு முன்னர் ஒன்று செய்தார்: அடியிலிருந்த வார்ப்பிரும்புக் குழாய்களைப் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். முதலாவது காவல் இவ்வாறு போயிற்று. நீர்மட்டத்தைத் தாழ்த்துவதற்கு இனி வழியில்லை.

றஃப் அமைத்தது ‘சவுத் போர்க் மீன்பிடி வேட்டைக் கழகம்’. அதன் உறுப்பினர் பட்டியல், அக்கால அமெரிக்க முதலாளித்துவத்தின் பெயர்ப் பட்டியலேயாகும். உருக்குத் தொழில் அதிபர் அன்ட்றூ கார்ணகி, நிலக்கரி அதிபர் ஹென்றி கிளே பிறிக், வங்கியாளர் அன்ட்றூ மெலன், சட்டத்தரணி பிலான்டர் நொக்ஸ், புகையிரதக் கம்பனியின் றொபேட் பிற்கெயின் முதலியோர் அதில் இருந்தனர். இவர்களுள் மெலன் பிற்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் திறைசேரிச் செயலாளரானார். நொக்ஸ் இராஜாங்கச் செயலாளரானார். பிறிக் 1892இல் ஹோம்ஸ்ரெட் ஆலைத் தொழிலாளரின் போராட்டத்தை ஆயுதந்தாங்கிய கூலிக் காவலரைக் கொண்டு அடக்க முனைந்தவர். 1889இற் கழகத்தின் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 60. பிற்ஸ்பேர்க்கின் ஆலைப் புகை அவர்களுக்குச் செல்வத்தைத் தந்தது. அப்புகையிலிருந்து தப்பிக் கோடையைக் கழிப்பதற்கு அவர்களுக்கு மலையேரி ஒன்று வேண்டியிருந்தது.

உடைந்த அணையை றஃப் திருத்தினார். மண், பாறைத்துண்டு, மரக்கொப்பு, வைக்கோல் ஆகியன உடைப்பிற் கொட்டப்பட்டன. துருசு மீண்டும் வைக்கப்படவில்லை. அணையின் உச்சி, வண்டிகள் எதிரெதிராகச் செல்லும் பாதையாகப் பயன்படல் வேண்டும் என்பதற்காக இரண்டு மூன்று அடி வெட்டித் தாழ்த்தப்பட்டு அகலமாக்கப்பட்டது. இரண்டாவது காவல் இவ்வாறு குறைந்தது. பழைய உடைப்பைத் திருத்திய நடுப்பகுதி காலப்போக்கில் மேலும் சற்றுத் தாழ்ந்தது. நீர் மேலேறினால் முதலில் வழியும் இடம் அணையின் மிகப் பலவீனமான இடமாகவே அமைந்துவிட்டது. மூன்றாவது காவலாகிய வானுக்குக் குறுக்கே பாலமொன்று எழுந்தது. புகையிரதத்திற் கொண்டுவந்து ஏரியில் விட்ட விலையுயர்ந்த மீன்கள் தப்பிச் செல்லாதிருக்க, அப்பாலத்தின் கீழே இரும்புத் தட்டிகள் பொருத்தப்பட்டன. மீன் தப்பாத தட்டியில் மரக்கிளையும் சருகும் சிக்காதிருக்குமா? இதனை எவரும் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

மேலே இரண்டு மைல் நீளத்துக்கு ஏரி பரந்து கிடந்தது. அதன் கரையிற் கழக மாளிகையும், உறுப்பினர் சிலரின் கோடை இல்லங்களும் நின்றன. நீராவிப் படகுகள் ஓடின. அவ்வேரி ஜோன்ஸ்ரவுனிலும் ஏறத்தாழ 450 அடி உயரத்தில் இருந்தது. அதிலிருந்த நீரின் எடை ஏறத்தாழ இரண்டு கோடித் தொன். உலைக்களத்தில் உழைத்தவனின் தலைக்கு மேலே, அவன் ஒருநாளும் ஏறிச் சென்று பார்க்கவியலாத நீர்ப்பரப்பு நின்றது. அது உடையாதிருக்க வேண்டியதில் அவனுக்கு இருந்த அக்கறை அதன் சொந்தக்காரருக்கு இருந்ததிலும் பெரிது. ஆயின் அதன்மேல் அவனுக்கு எவ்வித உரிமையும் இல்லை.

எச்சரிப்பார் எவரும் இருக்கவில்லை என்று கூறுவதற்கில்லை. கேம்பிரியா இரும்புக் கம்பனியின் தலைவர் டானியல் மொரல், 1880ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே ஜோன் புல்ற்றன் என்பவரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். நீரை வடிக்கக் குழாய் இல்லை, கசிவு முறையாகத் திருத்தப்படவில்லை என்னும் இரண்டு குறைகளைப் புல்ற்றன் அறிக்கையிற் சுட்டினார். கழகத்தினரால் உங்களுக்கு ஆபத்தேதும் இல்லை என்ற பொருள்பட றஃப் மறுமொழி எழுதினார். திருத்த வேலைக்கான செலவிற் பங்குகொள்ளவும் மொரல் முன்வந்தார். அதுவும் ஏற்கப்படவில்லை. மொரல் தாமே கழகத்தில் ஓர் உறுப்புரிமையை வாங்கி உள்ளிருந்து கவனிக்க முயன்றார். 1885இல் அவர் காலமானார். றஃப் 1887இல் இறந்தார். எச்சரித்தவரும் மறுத்தவரும் மறைந்த பின்னர் அணை மட்டும் நின்றது. இரும்புக் கம்பனியே ஒரு பெரும் முதலாளித்துவ நிறுவனந்தான். தொழிற்சங்கத்தைத் தன் வாயிலில் அனுமதியாத நிறுவனந்தான். அத்தகைய நிறுவனமே பிறிதோர் உடைமையாளரின் அணையைத் திருத்த வைக்க இயலாது போயிற்று எனின், அதன் கூலியாட்கள் என்ன செய்திருக்க முடியும்? தனியார் அணையைப் பார்வையிட்டுத் திருத்துமாறு கட்டளையிடும் அதிகாரங்கொண்ட அரசு அலுவலர் எவரும் அன்று பென்சில்வேனியாவில் இருக்கவில்லை.

1889 மே 30ஆந் திகதி இரவு பெருமழை தொடங்கியது. மறுநாட் காலையில் ஏரி வேகமாக மேலேறுவதைக் கழகத் தலைவர் ஈலாயஸ் அங்கர் கண்டார். கழகத்தில் வேலைசெய்த கூலியாட்கள் அணையின் உச்சியில் மண்ணைக் குவித்தனர். மேற்கு முனையில் இன்னொரு வழிகாலை வெட்ட முயன்றனர். கடினமான நிலத்தில் அது ஆழப்படவில்லை. வானிலிருந்த மீன்தட்டிகளில் அள்ளுண்டு வந்த குப்பை இறுகிவிட்டது. அகற்ற முனைந்தபோது காலம் கடந்திருந்தது. ஜோன் பார்க் என்ற இளம் பொறியியலாளர் குதிரையேறி இரண்டு மைல் கீழேயுள்ள சவுத் போர்க் கிராமத்துக்குச் சென்று, கீழ்ப்பகுதிகளுக்குத் தந்தியனுப்புமாறு கூறினார். தந்திகள் அனுப்பப்பட்டன. ஆயின் ஆண்டுதோறும் கேட்டுப் புளித்த செய்தியாகையால் அவை மக்களைச் சென்றடையவில்லை. அன்றியும் நகரின் தெருக்களில் முன்னரே நீர் ஏறி நின்றமையாற் பலர் வீட்டு மாடிகளில் அடைபட்டிருந்தனர்.

பிற்பகல் மூன்று மணியளவில் நீர் அணையின் நடுவால் வழிந்து, வெளிமுகத்தை அரித்து, அணையைப் பிளந்தது. ஏரி முழுவதும் பள்ளத்தாக்கினுள் இறங்கியது. வழியில் நின்ற கற்பாலம் ஒன்றை உடைத்தது. ஈஸ்ற் கொனமோவிற் புகையிரத எஞ்சின்களை அள்ளியது. ஜோன் ஹெஸ் என்ற எஞ்சின் சாரதி தன் எஞ்சினின் ஊதுகுழலைக் கட்டி இடைவிடாது ஊதவிட்டவாறு ஓட்டிவந்து பலரைக் காத்தார். வுட்வேல் என்னும் சிற்றூரில் எவ்வித அறிவிப்பும் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 1,100 பேரைக்கொண்ட அவ்வூரில் 314 பேர் மாண்டனர். அங்கிருந்த கம்பித் தொழிற்சாலையின் முட்கம்பிச் சுருள்களும் நீரோடு சேர்ந்துகொண்டன. நான்கு மணி கடந்து சில நிமிடங்களில் ஜோன்ஸ்ரவுனை எட்டிய வெள்ளம், பத்து நிமிடத்தில் நகரை அழித்தது. கீழே புகையிரதக் கற்பாலத்தில் வீடுகளும் மரங்களும் எஞ்சின்களும் முட்கம்பியாற் பிணிக்கப்பட்டு ஏறத்தாழ 30 ஏக்கரில் மலையெனக் குவிந்தன. இரவில் அக்குவியல் தீப்பற்றியது. நீருக்குத் தப்பி அதற்குள் அகப்பட்டிருந்தோர் பலர் நெருப்பில் மாண்டனர்.

இறந்தோர் 2,209 எனக் கணக்கிடப்பட்டது. பூண்டோடு அழிந்த குடும்பங்கள் 99. ஏறத்தாழ 1,600 வீடுகள் அழிந்தன. அடையாளங் காணப்படாது புதைக்கப்பட்ட உடல்கள் 700க்கும் மேற்பட்டவை. கழக உறுப்பினர்களோ கோடைக்காலம் தொடங்காமையாற் பெரும்பாலும் ஏரிக்கு வந்திருக்கவில்லை. வந்திருந்த சிலரும் மேலேயே இருந்தனர்.

அழிவுக்குப் பின்னர் நிகழ்ந்தவை அழிவைப் போலவே சமுதாயத்தின் இயல்பை நமக்குக் காட்டுகின்றன. முதல் நாட்களிற் பத்திரிகைகள் குற்றவாளிகளைத் தேடின. அவை கண்டுபிடித்தவர்கள் அணையின் உடைமையாளர் அல்லர். வறிய ஹங்கேரியக் குடியேறிகள். பிணங்களின் விரல்களை வெட்டி மோதிரங் கவர்ந்தனர் என்றும், அதற்காக அவர்கள் தூக்கிலிடப்பட்டனர் என்றும் செய்திகள் பரவின. அவை பொய் என்பது பின்னர் தெளிவாயிற்று. மறுபுறத்திற் பொதுமக்கள் 37 இலட்சம் டொலருக்கு மேல் அள்ளிக்கொடுத்தனர். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன் அம்மையார் ஐந்து நாட்களில் வந்து சேர்ந்து, ஐந்து மாதங்கள் தங்கிப் பணியாற்றினார். கழகம் ஆயிரம் கம்பளிகளை அனுப்பியது. கார்ணகி பின்னர் நகருக்கு நூலகமொன்றைக் கட்டிக்கொடுத்தார். அவ்வழகிய கட்டடம் இன்று வெள்ளத்தின் அருங்காட்சியகமாக உள்ளது. கொடை நற்செயலே. ஆயின் கொடுப்பவன் விரும்பியதைக் கொடுப்பது கொடை. இழந்தவன் உரிமையாகக் கேட்பது இழப்பீடு. ஜோன்ஸ்ரவுன் மக்களுக்கு முன்னது கிடைத்தது, பின்னது கிடைக்கவில்லை.

கழகத்துக்கு எதிராகத் தொடரப்பட்ட வழக்குகளில் ஒன்றேனும் வெல்லவில்லை. கழகத்தின் பெயரிலே உடைந்த அணையையும் வற்றிய ஏரியையும் தவிரப் பெரும் சொத்தேதும் இருக்கவில்லை; உறுப்பினர் தம் சொந்தச் செல்வமோ சட்டத்தின் கைக்கு எட்டாது நின்றது. உறுப்பினரே தாம் கவனக்குறைவாக நடந்தனர் என நிறுவும் சுமை வழக்காளியின் தலையில் இருந்தது. இத்தனைக்கும் மேலாக ‘இறைவன் செயல்’ என்ற சட்டத் தொடர் ஒன்று ஆயத்தமாக இருந்தது. பெருமழையை மனிதன் பெய்விக்கவில்லை. ஆதலின் மனிதன் பொறுப்பாளியல்லன் என்பதே அதன் வாதம்.

இவ்வாதத்தை நாம் அலட்சியப்படுத்தலாகாது. அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கத்தின் விசாரணைக் குழுவும், 1891இல் வெளியான தன் அறிக்கையில், கழகம் செய்த மாற்றங்கள் இல்லாதிருப்பினும் அம்மழைக்கு அணை உடைந்தேயிருக்கும் என்றே கூறியது. அவ்வறிக்கை 1890ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே முடிந்திருந்தும் நெடுநாள் வெளியிடப்படாது வைக்கப்பட்டிருந்தது என்பது கவனிக்கற்பாலது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அம்முடிவு நிலைத்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு அதனை மறுத்துரைத்தது. அணை கிடந்த இடத்தை இக்காலக் கருவிகளால் அளந்து, நீரோட்டத்தைக் கணித்த ஆய்வாளர்கள், உச்சியைத் தாழ்த்தியமையால் மிகை நீரை வெளியேற்றும் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்றும், முதலிற் கட்டியவாறே அணை இருந்திருப்பின் அன்றைய மழைக்கு நீர் அதன் உச்சியைக் கடந்திராது என்றும் கண்டனர். மழை இயற்கையின் செயல் என்பதில் ஐயமில்லை. வண்டிப் பாதையும் மீன்தட்டியும் விற்கப்பட்ட துருசும் இயற்கையின் செயல்களல்ல.

இத்துயரம் சட்டத்தை முற்றிலும் தொடாது போகவில்லை. இங்கிலாந்தில் 1868இல் முடிவான றைலன்ட்ஸ் எதிர் பிளெச்சர் என்ற வழக்கு, தன் நிலத்தில் நீரைத் தேக்கிவைப்பவன், அது தப்பிச்சென்று அயலானுக்கு விளைக்கும் கேட்டுக்குக் கவனக்குறைவு நிறுவப்படாவிடினும் பொறுப்பாளி என்னும் விதியை வகுத்திருந்தது. தொழில் வளர்ச்சிக்கு இடையூறாகும் எனக் கருதி அவ்விதியை ஏற்க மறுத்துவந்த அமெரிக்க நீதிமன்றங்களுட் பல, ஜோன்ஸ்ரவுனுக்குப் பிந்திய ஆண்டுகளில் அதனை ஏற்கத் தலைப்பட்டன. ஆயினும் அணைகளைப் பார்வையிடும் பொறுப்பு நாடளாவிய சட்டமாவதற்கு மேலும் உயிர்கள் தேவைப்பட்டன. 1972 பெப்ரவரி 26ஆந் திகதி மேற்கு வெர்ஜீனியாவின் பபலோ கிறீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவால் எழுப்பிய அணை உடைந்து 125 பேர் மாண்டபோதும், சுரங்கக் கம்பனியின் தரப்பில் எழுந்த குரல் ‘இறைவன் செயல்’ என்பதே. அவ்வாண்டிலேயே அணைகளைப் பார்வையிடுவதற்கான தேசியச் சட்டம் நிறைவேறியது. நிதியின்மையால் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

1977 நவம்பர் 6ஆந் திகதி அதிகாலையில் ஜோர்ஜியா மாநிலத்தின் டொக்கோவாவில் ஏறத்தாழ 40 அடி உயரமே உள்ள ஒரு சிறிய மண் அணை உடைந்து 39 பேரைக் கொன்றது. அதுவும் தனியார் உடைமை. அதுவும் மின்சாரத்துக்கென ஒருகாலத்திற் பயன்பட்டு, 1957இன் பின்னர் வெறும் பொழுதுபோக்கு ஏரியாக எஞ்சியது. ஆயின் அங்கு அணையின் சொந்தக்காரர் மலைமேல் வாழ்ந்த கோடீசுவரர் அல்லர். அணைக்குக் கீழேயே இயங்கிய ஒரு சமயக் கல்லூரி. மாண்டவர்கள் அக்கல்லூரியின் மக்களே. ஆகையால் பேராசை ஒன்றினாலேயே அணைகள் உடைகின்றன எனக் கூறிவிட முடியாது. பயன் மாறிய பின்னர் ஓர் அணையைக் கவனித்துப் பேணும் அறிவும் கடமையும் எவருக்கும் உரியனவாகாது போவதும் உயிரைக் குடிக்கும். அதனாலேயே அப்பொறுப்பு உடைமையாளனின் நல்லெண்ணத்தில் மட்டும் விடப்படலாகாது. டொக்கோவாவின் பின்னரே, ஆபத்துக்கிடமான தனியார் அணைகளைப் பார்வையிடுமாறு ஜனாதிபதி கார்ட்டர் கட்டளையிட்டார்.

இன்று ஐக்கிய அமெரிக்காவின் தேசிய அணைப் பதிவேட்டில் 90,000க்கும் மேற்பட்ட அணைகள் உள்ளன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை தனியாருக்கு உரியவை. மண்ணாலானவையே மிகப் பல. பொழுதுபோக்குக்கென நிற்பவையும் ஏராளம். அவற்றுட் பெரும்பாலானவை எவருக்கும் தீங்கிழைக்காது நின்று, மாலை வேளைகளில் மக்களுக்கு மகிழ்ச்சியளிப்பவை. ஏரியில் ஒருவர் படகோட்டி மகிழ்வதை எவரும் குறைகூறார். அவ்வேரியின் கட்டை யார் பார்வையிடுகின்றனர், பார்வையிட்டவரின் சொல்லை மதித்து நடக்க உடைமையாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் உண்டா, கீழே வாழ்பவர் கேள்வி கேட்கும் உரிமை உடையவரா என்பவையே வினாக்கள். 1880இல் இம்மூன்றுக்கும் விடை இல்லையென்பதாகவே இருந்தது.

சவுத் போர்க்கில் இன்றும் அணையின் இரண்டு முனைகளும் நிற்கின்றன. நடுவில் உடைந்த இடைவெளியூடாகச் சிற்றாறு ஓடுகின்றது. 1964இல் அவ்விடம் தேசிய நினைவிடமாக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் மறுமுனையில், ஜோன்ஸ்ரவுனின் மலைமேலுள்ள கல்லறை நிலத்திற் பெயர் பொறிக்கப்படாத வெண்கற்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கீழே துயில்வோரின் பெயர்களை எவரும் அறியார். அணையின் சொந்தக்காரர்களுடைய பெயர்களோ வரலாற்றிலும், அவர்கள் கட்டிய கலைக்கூடங்களிலும் நூலகங்களிலும் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன.